அறுபத்திநான்காம் பக்கம்

தம்பிக்கு கிட்டார் வாங்கியாச்சு,
எந்தப் புத்தகம் வாங்கலாம் என்கிறாள் ஷம்சத்.
கோரிப்பாளையம் லேபில் காலை ஏழு மணி.
வெறும் வயிற்றோடு பதினான்கு பேர் வரிசையில்.
அப்புறம் சொல்றேன் என்றேன்.

என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று.
டவுன்ஹால் ரோட்டுச் சந்தில்
கெமிஸ்ட்ரி கைடுகளுக்கு அடியில் கிடந்தது, அறுபது ரூபாய்.
அட்டை இல்லை,
எழுதியவர் யாரென்று எனக்கும் தெரியாது.
முதல் தாளில் நீல மையில்
ஜெ. பெலிசியா, ஞானஒளிவுபுரம், 12.6.94.

மூன்று வாரம் ஜி கார்டை வாசித்தேன்,
படத்தில் புள்ளி இருந்த இடத்திலேயே விரல் வைத்து.
கேட்கச் சகிக்கவில்லை.
கம்பி மாற்றினேன். டியூனரைச் சந்தேகித்தேன்.
இது கிட்டாருக்கு ஆகாத கை என்று
மாட்டுத்தாவணி வரை நடந்து முடிவும் செய்தேன்.
பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.
அவர் தட்டியது தாளத்தில் இருந்தது.

கரண்டு போன ராத்திரி
செல்போன் வெளிச்சம் சாய்வாக விழுந்தபோதுதான்
பக்க ஓரத்தில்
அழித்த பென்சிலின் பள்ளம் தெரிந்தது:
"படம் தப்பு. ஆறாம் கம்பி, மூணாவது ஃபிரெட்.
ஒரு மாசம் போச்சு."
அதன் கீழே, தாள் கிழியும்படி அழுத்தி,
"காது அப்பவே சொல்லுச்சு."

விரலை ஒரு கட்டம் தள்ளி வைத்தேன்.
இருட்டில் யாரோ நாற்காலியை
சரியான இடத்துக்கு நகர்த்தியது போலிருந்தது.

அதிலிருந்து பாடத்தைப் படிப்பதில்லை,
ஓரத்தைத்தான்.
"அப்பா நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தூங்குறாரு, நகம் படாம வாசி."
"எஃப் கார்டுக்கு சுண்டுவிரலைத் திட்டாதே, பாவம்."
ஓரிடத்தில் மண்ணெண்ணெய்க் கணக்கு.
ஓரிடத்தில் வெறும் "சீ".
அறுபத்துமூன்றாம் பக்கத்தோடு நின்றுவிடுகிறது பென்சில்.
அப்புறம் தாள்கள் சுத்தம், கடைசி வரை.
கல்யாணமாகியிருக்கலாம், ஊர் மாறியிருக்கலாம்,
அதற்குள் நன்றாக வாசிக்கவே வந்துவிட்டிருக்கலாம்.
நான் தேடப் போகவில்லை.

எனக்கு இடதுகை விரல்நுனிகள் காய்த்துவிட்டன.
இறுகக் கட்டிய கையில் நரம்பைத் தொட்டுத் தேடினால்
முன்போல் தெரிவதில்லை.
வலதுகை விரலைப் பழக்குகிறேன்.
பதினோராவதாக வந்த மேலூர்க்காரர்
"ஒரே குத்துல எடுத்துட்டீகளே" என்றார்.
இந்த நரம்பாவது.

பத்தரைக்கு டீயோடு வந்து நின்றாள் ஷம்சத்.
புதுசு வாங்காதே,
யாராவது சண்டை போட்ட புத்தகமாப் பாரு என்றேன்.
அப்ப உன்னோடதைக் குடு.
தர மாட்டேன்.

அறுபத்திநான்கில் ஒரு படம்
எனக்குத் தப்பாகப் படுகிறது.
நாலு நாளாகப் பென்சில் சீவியே இருக்கிறது.