முழு முகவரி

எந்த சர்வர் என்று கேட்டது முதல் திரை.
அதிலேயே தடுக்கி விழுந்தேன்.
ஒரே வாசல் என்று நினைத்து வந்தவனுக்கு
ஆயிரம் வாசல்:
மலையேறுவோருக்கு ஒன்று, பூனை வளர்ப்போருக்கு ஒன்று,
பழைய கமெரா திருத்துவோர் தனியாக.
எதற்குள் நுழைந்தாலும் எல்லாரோடும் கதைக்கலாமாம்.
"எந்தத் தபால் கந்தோரில் பெட்டி எடுத்தாலென்ன,
கடிதம் வரும்தானே" என்றான் போனில் தயாநேசன்.
விளங்கினது மாதிரி இருந்தது.
ஓல்டனில் 5.38 ரயில் வந்து கதவு திறக்க
விளங்கினதும் இறங்கிப் போய்விட்டது.

இரவில் ரயில் கழுவுகிறவன் நான்.
இருக்கைகளுக்கு அடியில் கிடக்கும்
ஒற்றைக் கையுறைகளைப் படமெடுத்துவிட்டுத்தான்
தொலைந்த பொருள் பெட்டியில் போடுவேன்.
பழைய இடத்தில் அந்தப் படங்களைப் போட்டால்
சப்பாத்து விளம்பரத்துக்கும் சண்டைக்கும் நடுவில்
அவை இரண்டாம் முறை தொலைந்தன.

பீல் நகரில் செராயினா என்றொருத்தி
தன் சாமான் அறையில் ஓடவிட்ட சர்வர்.
இருநூற்றுப் பதினான்கு பேர். ஆறு விதிகள்.
ஒரு வெற்றுப் பெட்டி:
ஏன் இங்கே வர விரும்புகிறீர்கள்?

கை நின்றுவிட்டது.
இதே நாட்டில் இதே கேள்வியை
ஒருமுறை ஐந்து மணித்தியாலம் கேட்டார்கள்,
மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்து,
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து வாங்கி.
இம்முறை ஒரு வரிதான் எழுதினேன்:
என்னிடம் நாற்பது கையுறைகளின் படம் உண்டு, எல்லாம் ஒற்றை.
இருபது நிமிடத்தில் பதில், முத்திரை இல்லாமல்:
வாருங்கள்.

உள்ளே ஒருவருமில்லை.
"நீங்கள் இன்னும் யாரையும் தொடரவில்லை" என்றது திரை,
மரியாதையாகத்தான்.
ஆள் பிடித்துத்தர இங்கே தரகர் கிடையாது;
நீயே தேடு, நீயே தட்டு.
பெயருக்குப் பின்னால் வீட்டின் பெயரும் சேர்த்து
முழு முகவரி எழுதினால்தான்
அடுத்த வீட்டுக்காரர் அகப்படுவார்.
பிள்ளையொன்றின் சிவப்புக் கையுறை, இரண்டாம் பெட்டி:
என் முதல் பதிவு.
மூன்று நாள், ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

நாலாம் நாள் லியோனிலிருந்து ஒருவர்,
வேறு சர்வர்:
"எனக்குக் கண் தெரியாது.
படத்தில் என்ன இருக்கிறதென்று எழுதினால்
நானும் பார்ப்பேன்."
சிவப்பு என்று தொடங்கி, அழித்தேன்.
படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கம்பளி. பெருவிரல் நுனியில் ஓட்டை.
அதை யாரோ பச்சை நூலால் தைக்கத் தொடங்கிப்
பாதியில் விட்டிருக்கிறார்கள்.
படமெடுத்தவன் நான்;
அன்றுதான் கண்டேன்.

பிறகு ஆட்கள் வந்தார்கள், சொட்டுச் சொட்டாக.
ஃப்ரைபூர்க்கில் ஒருத்தி நீலக் கையுறை ஒன்றை அனுப்பி
"ஜோடி இல்லை, ஆனாலும்" என்றாள்.

கோடை தொடங்க, செராயினா எழுதினாள்:
கரண்ட் காசு, கைக்குழந்தை, களைப்பு.
மூன்று மாதத்தில் மூடுகிறேன், மன்னியுங்கள்.
வீடு மாற ஒரு பொத்தான் இருக்கிறது.
உங்களைத் தொடர்கிறவர்கள் கூடவே வருவார்கள்.
எழுதினவை வரமாட்டா.

எஃப் அட்டையோடு இருந்த ஏழு வருடத்தில்
கன்டோன் மாறக் கேட்டுக் கேட்டு
மூன்று மறுப்புக் கடிதம் சேர்த்தவன் நான்.
பொத்தானை உடனே அமத்த மனம் வரவில்லை.
எழுந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றி,
சீனி போட்டு, கலக்கி,
திரும்பி வந்து அமத்தினேன்.

அறுபத்தொரு பேர்.
லியோன்காரர்தான் முதலில் வந்து சேர்ந்தார்.
கையுறைகள் பழைய வீட்டிலேயே நின்றன, புரட்டாதி முடியும்வரை.
இப்போது அந்த முகவரியில் ஒன்றுமில்லை.

இன்று விடிய, முதல் உறைபனியோடு,
சாம்பல் நிறத்தில் ஒன்று. இடக்கை.
போனை வெளியே எடுக்க முன்பே
வாய்க்குள் சொல்லத் தொடங்கிவிட்டேன்:
தோல். மணிக்கட்டில் ஒரு பொத்தான் குறைவு.
உள்ளே இன்னும்
இளஞ்சூடு.