சர்வீஸுக்குப் பின்

விடும்போது நன்றாகத்தான் இருந்தது.
மொஹாபியிடம் எழுதியே கொடுத்திருக்க வேண்டும்:
ஆயில் மாற்று, செயினை இறுக்கு,
ஃபில்டரைத் தட்டிப் போடு,
வேறெதையும் தொடாதே.

முந்நூற்றிருபது மலோட்டி வாங்கிக்கொண்டு
டேங்க்கைக்கூடத் துடைத்துக் கொடுத்தான்.
அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

தாபா-த்செக்கா கடைத்தெரு முடியும் வரை
ஒழுங்காக வந்தது.
ஏற்றத்தில் முறுக்கினேன்.
சத்தம் மட்டும் முன்னே போனது.
குளிர், ஜூலை மாதம், சூடாகட்டும் என்று
நானே அதற்கு வக்காலத்து வாங்கினேன்.
மேல் கிளினிக்கில் நர்ஸ் கேட்டாள்,
'ஏன், நடந்தா வந்தாய்?'

திரும்பும்போது பெட்டியில் பதினொரு சளிக் குப்பி.
முக்கால்வாசி, சுரங்கத்தில் இருபது வருடம்
கல்தூள் குடித்துவிட்டு வந்தவர்களுடையது.
நான்கு மணிக்கு லேப் கதவைச் சாத்திவிடுவார்கள்.
குப்பிகளுக்குள் இருப்பது
யார் நேரத்துக்கும் காத்திருப்பதில்லை.

கணவாய்க்குக் கீழே, இரண்டாவது கியரில்,
ஒரு கழுதை எங்களை முந்தியது.
மேலே இருந்தவர் போர்வைக்குள்ளிருந்து கையெடுத்து
தொப்பியைத் தொட்டு வணங்கினார்.
அந்த மரியாதையைத்தான்
தாங்கமுடியவில்லை.

இருமியது.
கரும்புகை கக்கியது.
முறுக்கினால் திணறல், விட்டால் சீரான மூச்சு;
எதுவும் கேட்காதவரை
எல்லாம் சரி என்று சொல்லும்
ஆண்பிள்ளைகளைப்போல.

பாறைமேல் ஏறி நின்றால்தான் சிக்னல்.
'உயரம்,'மே மபாலேசா, மேலே காத்து கம்மி' என்கிறான்.
'ஆறு வருஷமா இந்த மலை
இங்கேதான்டா இருக்கு.'
'அப்ப பெட்ரோலா இருக்கும்.'
லைன் போய்விட்டது,
அல்லது போக வைத்தான்.

பிளக்கைக் கழற்றினேன். கரி.
துடைத்துப் போட்டேன். பத்து மீட்டர். கரி.
டேங்க் மூடியைத் திறந்து மூடினேன்.
சோக்கை இழுத்துத் தள்ளினேன்.
பிறகு கொஞ்சம் உதைத்தேன்;
அது சர்வீஸ் புத்தகத்தில் இல்லை.

ஆடு மேய்க்கும் பையன் ஒருவன்
எப்போது வந்தானோ, பக்கத்தில் நிற்கிறான்.
ரப்பர் பூட்ஸ், கண் மட்டும் தெரியும் குல்லாய்.
ஒன்றும் சொல்லவில்லை. ஸ்க்ரூக்களை மட்டும்
ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வாங்கிக்கொண்டான்,
விழுந்தால் பனிக்குள் தேட வேண்டுமே என்று
அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

பக்க மூடி. ஃபில்டர். அதற்கும் பின்னால்,
காற்று போகும் தொண்டையில்,
நீலக் கட்டம் போட்ட ஒரு சட்டைக் கை.
தூசி விழாமலிருக்க அடைத்தது.
எடுக்க மறந்தது.
மணிக்கட்டுப் பொத்தான்
இன்னும் போட்டபடி.

இழுக்க இழுக்க வந்தது.
பையன் முதல்முறை சிரித்தான்,
குல்லாய் அசைந்ததில் தெரிந்தது.
கடைசி ஸ்க்ரூவை அவனே முடுக்கினான்.

ஒரே உதை.
இரண்டு ஆடுகள் ஓடின.

கணவாயை எப்படிக் கடந்தேன் என்று
கேட்காதீர்கள்.
உச்சியில் காற்று கம்மி, உண்மைதான்;
இருந்த அத்தனையையும்
அது குடித்துவிட்டு ஏறியது.
மூன்று ஐம்பத்திரண்டுக்கு
லேப்காரி கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள்,
என்னைப் பார்த்ததும்
கழற்றினாள், முனகிக்கொண்டே.

நேராகப் போனேன், வண்டியை அணைக்காமலே.
வழியெல்லாம் சொற்களைத் தீட்டி வைத்திருந்தேன்:
பதினொரு பேர், மொஹாபி,
பதினொரு பேருடைய மூச்சு,
இவ்வளவு துணி.
பணத்தில் பாதியாவது திருப்பிக் கேட்பதென்றும்.

சட்டைக் கையை அவன் மேசையில் போட்டேன்.

பார்த்தான். முகம் மலர்ந்தது.
'அட, இதைத்தான்
ரெண்டு நாளா தேடறேன்' என்று
எடுத்து
கையைத் துடைத்துக்கொண்டான்.

தீட்டியதில் ஒரு சொல்லும் வரவில்லை.
வெளியே என் வண்டி
சும்மா நின்று
நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.