முட்டைக் குழியில் ஒரு குப்பி

என் கடை ஃப்ரிட்ஜில் மேல்தட்டு பன்னீர் சோடாவுக்கு,
கீழ்த்தட்டு பாலுக்கு.
கதவுப் பக்கம், முட்டை வைக்கிற குழியில்
ரப்பர் மூடியோடு ஒரு சின்னக் குப்பி நிற்கும்.
அது விற்பனைக்கு இல்லை.

மண்டபம் முகாம் வாசலுக்கு எதிரே
பதினோரு வருஷமாய்க் கடை.
யாருக்குச் சீனி, யாருக்குச் சிகரெட்
எல்லாக் கடனும் நோட்டில் ஏறும்.
கொன்சலாவின் பக்கத்தில் மட்டும் ரூபாய் இல்லை:
கரண்ட் போன நேரம், வந்த நேரம்.

பேசாலைக்காரி.
மன்னார் ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்த மாதம்
தோட்டை விற்றுப் படகேறினாள்.
படகுக்காரன் விடியுமுன் நாலாம் தீடையில் இறக்கிவிட்டு
"இந்தா, வருவாங்கள்" என்று திரும்பிவிட்டான்.
வந்தது மறுநாள் மத்தியானம்.

மடியில் ஏழு வயது டிலக்சன்.
பிளாஸ்கில் ஐஸ் தண்ணீராகி
தண்ணீர் சுடத் தொடங்கியதும்
முழங்கை ஆழத்துக்கு மணலைத் தோண்டினாளாம்.
அடியில் ஈரம் குளிர்ந்திருந்தது.
குப்பியைத் துணியில் சுற்றிப் புதைத்து
அடையாளத்துக்கு ஒற்றைச் செருப்பை நட்டாள்.
பிறகு பொழுதெல்லாம்
அலைக்கும் செருப்புக்கும் எத்தனை அடி என்று
பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ரோந்துப் படகு வந்தபோது ஏறவில்லை.
ஓடிப்போய் மண்டியிட்டுத் தோண்டினாள்.
"தங்கமா? எத்தனை கிலோ?"
"மருந்து, சேர். பெடியனுக்கு."
முகர்ந்து பார்த்தார்களாம்.
நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்,
எங்கள் தெருவிலேயே ரெண்டு பேர்
தங்கக் கேஸுக்கு வாய்தா நடக்கிறார்கள்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன்.
சீட்டு எழுதுகிறவர் ஆதார் கேட்டார்,
முகாம் அட்டை கேட்டார்.
போலீஸ் கொடுத்த காகிதத்தை நீட்டினாள்,
நாலாய் மடித்து, வியர்வையில் நைந்தது.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கெட்டவர் இல்லை.
அந்தக் காகிதத்துக்கு அவரிடம் கட்டம் இல்லை.
முகவரி என்ற இடத்தில்
என் கடைப் பெயரைப் போடச் சொன்னேன்.

டாக்டர் சின்னப் பெண்.
"சொல்லுங்கம்மா."
"பிள்ளைக்கு வருத்தம், டொக்டர்."
"ஊரை விட்டு வந்திருக்கான்ல, வருத்தம் இருக்கத்தான் செய்யும்.
போகப் போகச் சரியாயிரும்."
"இல்லை. மூண்டு வயசில இருந்து வருத்தம்."
பேனா நின்றது. பையனைப் பார்த்தார்.
மனநலப் பிரிவு அறை எண்ணை எழுதத் தொடங்கினார்.
நான் குறுக்கே விழுந்தேன்:
"சுகர், மேடம். பையனுக்குச் சுகர்."

முகாமுக்கு எதிரே கடை வைத்தால் தெரிந்துவிடும்.
அவர்களுக்குக் காய்ச்சலும் வருத்தம், கட்டியும் வருத்தம்.
மாத்திரை குளிசை.
இடுப்பு வலிக்காது, நாரி நோகும்.

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி
எழுதியதை அடித்துவிட்டு
"ஒரே தமிழ்தானே" என்றார்,
சீட்டைப் பார்த்து.

மருந்து கொடுத்தார்கள், பதினைந்து நாளைக்கு.
"வீட்ல ஃப்ரிட்ஜ்ல வச்சிருங்க."
கொன்சலா தலையாட்டினாள்.
பஸ் உச்சிப்புளி தாண்டும்வரை பேசவில்லை.
பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி,
"அக்கா, உங்கட ஃப்ரிட்ஜில இடம் கிடக்கோ?"

கரண்ட் போனால் வந்துவிடுவாள்.
ஷட்டரைத் தட்ட மாட்டாள், நிற்பாள்.
ஒரு ராத்திரி தாங்கும் என்று டாக்டரே சொன்னார்;
அதை அவளிடம் சொல்லிப் பாருங்கள்.
நண்டுக் கம்பெனியில் ஐஸ் வாங்கி
ரெண்டு பேருமாய்த் தூக்கில் அடைப்போம்.

போன வாரம் ஊசி போடும்போது டிலக்சன்
"அம்மா, வலிக்குது" என்றான்.
பள்ளிக்கூடத்தில் பிடித்துக்கொண்ட வார்த்தை.
அவள் கை நடுங்கிவிட்டது:
கைகால் இழுப்பதைத்தான் அவள் ஊரில் வலி என்பார்கள்.
"நோகுதெண்டு சொல்லு" என்றாள்.
அவன் என்னைப் பார்த்தான்,
எதைச் சொன்னால் மிட்டாய் கிடைக்கும் என்பதுபோல.
கொடுக்க முடியாத மிட்டாய்.

இன்றைக்கு நோட்டில்:
போனது ரெண்டு பத்து.
வந்தது