பத்தொன்பது மில்லிமீட்டர்

முனிச்சாலையில், மூடிப்போன சாயக் கிடங்கின் மாடி.
முப்பத்தாறு நாற்காலி.
மூன்றாவது வரிசை ஓரம் எனக்கு ஓசி,
ஏனென்றால் அவள் ஆடப்போவது
என் கடைப் பலகையில்.

‘சிமெண்டுத் தரையில ஆட மாட்டாங்களாம்.
எட்டுக்கு நாலு, நாலு ஷீட்டு,
மெரைன் தரம்’ என்றார் துளசிராம்.
மூன்றை அப்படியே கொடுத்தேன்.
நாலாவது இருப்பில் இல்லை என்றால் பொய்;
அண்ணாநகர் பங்களா ஒன்றின் அடுப்படிக்கு
ஒதுக்கிவைத்திருந்தேன்.
அதன் இடத்தில் வேறொன்று.
மேலே பார்த்தால் எல்லாம் ஒரே முகம்.

ஆணி அடித்த ஒச்சப்பன்
விரல் மடக்கித் தட்டிப் பார்த்து
‘அண்ணே, உள்ள பொக்கு’ என்றான்.
‘ஆடப்போறது ஒரு பொம்பள.
லாரியா ஏறப்போகுது?’ என்றேன்.

விளக்கு அணைந்தது.
சுவரில் நீலமும் அரக்கும் வழிந்து காய்ந்த கறை.
கீழே புரோட்டாக் கடையில் கொத்து நடந்தது.
கிதார்க்காரன் ஒரு நொடி தலை சாய்த்துக் கேட்டு
அந்த வேகத்தை விட்டுவிட்டு
தன் வேகத்தில் தொடங்கினான்.

பாடியவருக்குக் கழுத்தெல்லாம் நரம்பு.
பாஷை புரியவில்லை.
பெரியாஸ்பத்திரிப் பிணவறை வாசலில்
கையெழுத்துப் போடக் குனிகிறவன் தொண்டையில்
திரளுமே ஒன்று,
அதை இவர் வெளியே விட்டார்.
முன்வரிசையில் பல்டாக்டர்
போனைக் கவிழ்த்து மடியில் வைத்தார்.

அவளுக்கு நாற்பத்தைந்து இருக்கும்.
இடுப்பு கனத்தவள். சிரிக்கவே இல்லை.
செருப்பின் முனையிலும் குதியிலும் நெருக்கி அடித்த ஆணி.
ஆணியும் பலகையும் பேசுவதை
இருபத்தாறு வருஷமாகக் கேட்கிறவன் நான்;
இப்படி ஒருநாளும் பேசிக் கேட்டதில்லை.
என் முழங்காலில் வந்து இறங்கியது ஒவ்வொரு அடியும்.
அவள் நெற்றி வியர்வை
என் சட்டையில் தெறித்தது. அவ்வளவு கிட்டே.

பிறகு இடது மூலைக்குப் போனாள்.

தொப்.

கதவோரம் நின்ற ஒச்சப்பன் என்னைப் பார்த்தான்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
கிதார் நின்றது.
வயிற்றில் விரல் வைத்துத் தட்டும் வைத்தியர் போல
முன்காலால் மெல்ல
அங்கே, சற்றுத் தள்ளி, மறுபடி அங்கே
தட்டினாள்.
எங்கே கள்ளம் என்று கண்டுபிடித்துவிட்டாள்.
எழுந்து போய்விடலாமா என்றிருந்தது;
ஓர நாற்காலிதான், படியும் பக்கம்தான்.

அவள் நல்ல பலகையில் ஒன்று வைத்தாள். கணீர்.
இன்னொன்று. கணீர்.
மூன்றாவதைப் பொக்கில்.
திரும்ப. வேகமாக. அதைவிட வேகமாக.
கணீருக்கும் கணீருக்கும் நடுவே
தரை இல்லாத ஓர் இடம் திறந்து திறந்து மூட,
பாடுகிறவர் அதற்குள் குரலை இறக்கினார்.
யாரோ ‘ஐயோ’ என்றார்கள்.
நானாகவும் இருக்கலாம்.

மறுநாள் இரண்டாம் காட்சி.
காலையிலேயே சரியான ஷீட்டை ஏற்றிக்கொண்டு போனோம்.
வெறுங்காலோடு உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள்.
ஒச்சப்பன் ஆணி பிடுங்கக் குனிந்ததும்
எழுந்து வந்து
அந்த மூலையில் ஏறி நின்றுகொண்டாள்,
கையில் இலையோடு, சட்னி சொட்ட.
இறங்கவில்லை.

நல்ல பலகையைத் தலைக்குமேல் பிடித்து
குறுகின படியில் இறங்கினோம்.
வண்டியில் கட்டும்போது ஒச்சப்பன் கேட்டான்:
‘அப்ப அதுக்கு
என்ன வெல போடப்போறண்ணே?’