நூற்றுப் பதினெட்டாம் கம்பம்

ஔலு நகரத்தில் ஜனவரியில்
காரைச் சும்மா நிறுத்திவிட்டுப் போக முடியாது.
ஒவ்வொரு காருக்கும் ஒரு கம்பம்,
கம்பத்தில் பூட்டிய ஒரு பெட்டி,
பெட்டிக்குள் ஒரு திருகு.
கிளம்பும் நேரத்தை அதில் வைத்துவிட்டால்
இரண்டு மணி நேரம் முன்பே
எஞ்சினுக்குச் சூடேறத் தொடங்கிவிடும்.

என் கம்பம் நூற்றுப் பதினெட்டு.
என் நேரம் நாலரை.
பத்தொன்பது குளிர்காலமாக நாலரை.

என்னைக் கூப்பிட்டது பதினொன்றேகாலுக்கு.

ஆறு வாரமாக நடந்துகொண்டிருந்ததற்கு
மாற்றப் பேச்சுவார்த்தை என்று பெயர்.
பேசியவர்கள் மாறவில்லை,
மாற்றப்பட்டவர்கள் பேசவில்லை.
காபி இயந்திரத்தின் முன்னால் வரிசையில் நின்றோம்,
அவரவர் கோப்பையை மட்டும் பார்த்துக்கொண்டு.

திரையில் ஒருவர்,
எங்கோ இன்னும் விடியாத ஊரிலிருந்து,
ஹில்க்கா கெம்ப்பைனன் என்ற என் பெயரை
நடுவில் ஒருமுறை மூச்சுவாங்கிச் சொல்லி முடித்தார்.
பாவம், தூக்கம் கெட்டிருக்கும்.
மேஜைமேல் ஒரு உறை:
அடையாள அட்டை, மடிக்கணினி, சாவிகள்
என்று அச்சடித்த பட்டியல்.
இருந்ததையெல்லாம் போட்டேன்.
கம்பத்துச் சாவியும் அதில் போனது.

என் வேலையைச் சொல்லவில்லையே.
வடக்கே காட்டுக்குள்
உறைபனி மூடிய கோபுரம் ஒன்று செத்துப்போனால்
யாரும் போய்த் தொடாமல்
தானே எழுந்துகொள்ள வேண்டும்.
அந்த நிரல் நான் எழுதியது.
மூன்று முறை முயலும்.
அதற்கும் எழவில்லையென்றால்
ஒரு மனிதரைக் கூப்பிடும்.
ஏழு வருடம் அந்த மனிதரின் எண்
என் எண்தான்.
மகளின் பள்ளி நாடகத்தில் பாதியில் எழுந்து
வாசலில் நின்று பேசியிருக்கிறேன்,
ஒரு கோபுரத்தோடு.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மூக்குக்குள் மயிர் முறுக்கிக்கொள்ளும் குளிர்.
சாவியைத் திருப்பினேன். ஒரு முனகல்.
மறுபடி. அதைவிடச் சின்னதாக.
மூன்றாம் தடவை விளக்குகூட எரியவில்லை.
கேபிளைப் பிடுங்கலாமென்றால் பெட்டி பூட்டியிருக்கிறது.
போ என்று சொல்லியாயிற்று,
போகத்தான் வழியில்லை.
சிரிப்பு வந்தது. சிரித்தால் பல் கூசியது.

ஓஸ்மோ வந்தான்.
கோட் இல்லாமல்,
உள்ளே நடக்கிற செருப்போடு.
எதிர் மேஜை; பதினோரு வருடம்.
அவன் பெயர் பட்டியலில் இல்லை.
அதற்காக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு
அவன் வராதது எனக்குப் பிடித்திருந்தது.
தன் சாவியால் என் பெட்டியைத் திறந்தான்.
எல்லாச் சாவியும் எல்லாப் பெட்டிக்கும் பொருந்துமாம்,
பத்தொன்பது வருடத்தில் எனக்குத் தெரியாது.
நாலரையை அழித்து
இப்போது என்று திருப்பினான்.

"நேரமாகும்."
"தெரியும்."

பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தான்.
காலடியில் சின்ன விசிறி சுற்றத் தொடங்கியது.
ஒரு மணி நேரம் இருக்கும்.
கண்ணாடியில் எங்கள் மூச்சு
முதலில் உறைந்தது, பிறகு மங்கியது,
பிறகு கோடுகோடாக இறங்கியது.
ஒருமுறை மட்டும் கேட்டான்,
நாலாவது அழைப்புக்கு இனி
யார் எண்ணைப் போடுவது என்று.
நான் யோசிக்கிற மாதிரி இருந்தேன்.
"உன்னதைப் போடாதே" என்றேன்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது.
அவன் இறங்கிக் கேபிளைக் கழற்றிக் கொடுத்தான்.
சுருட்ட வரவில்லை.
கம்பத்திலிருந்து காருக்கு வளைந்திருந்த அதே வளைவில்
விறைத்துப்போயிருந்தது.
அவன் எழுந்த இருக்கையில்
அப்படியே சாய்த்து வைத்தேன்.

பாலம் வரை அது நிமிர்ந்தே வந்தது.
மூன்றாவது சிக்னலில்
ஒரு நுனி மடங்கியது.
வீட்டுத் தெருவில் திரும்பும்போது பார்த்தேன்,
முழுவதும் தளர்ந்து
இருக்கையைவிட்டு வழுக்கிக்
கீழே இறங்கிக்கொண்டிருந்தது,
அவசரமே இல்லாமல்.