இடதுபக்க அடுப்பு

டிக் டிக் டிக்.
வலதுபக்கம் உடனே பற்றுகிறது.
இடதுபக்கம் டிக் டிக் மட்டும்,
சண்டைக்கு வந்துவிட்டு
சொல்ல வந்ததை மறந்த ஆள் மாதிரி.

இந்த வீட்டுக்கு வந்து பதினொரு நாள்.
வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
குசினி யன்னலுக்குக் கீழே தண்டவாளம்,
அதற்கு அங்கால் கடல்.
பாணந்துறைக்குப் போகிற ரயில்
என் நான்கு கோப்பைகளையும்
ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுப் போகும்.

வீட்டுக்காரர் சோதிலிங்கம் ஸ்காபரோவிலிருந்து
குரற்பதிவு அனுப்புகிறார்:
"பற்றரியை மாத்திப் பாருங்கோ பிள்ளை."
நாற்பத்துமூன்று வயதில் பிள்ளை.
அடுப்பைச் சரித்து, ரோர்ச் அடித்துத் தேடினேன்.
பற்றரியே இல்லாத சாதி இது,
சுவரிலிருந்து கரண்ட் குடிக்கிறது.
"மாத்திட்டன் அண்ணை" என்று எழுதி அனுப்பினேன்.
வாடகை இன்னும் போடவில்லை.

தெமட்டகொடை சுனிமல் 'ஹெட்ட' வருவானாம்.
ஹெட்ட என்றால் நாளை.
மூன்று நாளாக அது நாளையாகவே இருக்கிறது.
போனில் அவனுடைய தமிழில் கேட்டான்:
"மிஸ், மூடி சரியா உக்காந்திருக்கா?
கடல் பக்கம் வீடா? அப்ப உப்பு.
உப்புத்தான் ஊசிய திண்ணுது."
உண்மைதான். நகவெட்டி, கதவுக் கொளுக்கி,
வாங்கி ஒரு கிழமையான வடிகட்டி,
எல்லாவற்றையும் இந்தக் காற்று ருசி பார்த்துவிட்டது.

முதலில் ரெகுலேட்டரை மூடினேன்.
யன்னல் இரண்டையும் திறந்தேன்.
அடுப்புகள் வெடித்த அந்த மார்கழியை
இந்த ஊரில் யாருக்கும் இரண்டுதரம் சொல்லத் தேவையில்லை.
அதற்கு அடுத்த வருடம் வரிசை.
சிலிண்டரின் கழுத்தில் இன்னும் இருக்கிறது
வெள்ளைப் பெயின்றில் 214,
என் கையெழுத்து.
இரண்டு இரவு, சங்கிலி, பூட்டு, நுளம்பு.
அந்த வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த
ஒரே பாரமான சாமான் இதுதான்.
"அது என்ர" என்றார்.
வரிசையில் நின்றவள் நான்.

மூடியைக் கழற்றினேன். வளையத்தைக் கழற்றினேன்.
நடுவில் ஒரு வெள்ளைப் பீங்கான் விரல்,
நுனியில் ஊசி.
துரு கொஞ்சம்தான், பல்லுத்தூரிகைக்கே போய்விட்டது.
அடியில் வேறென்னவோ,
மண்ணிறமாய், செதிள் செதிளாய்,
பீங்கானோடு பிடிவாதமாய் ஒட்டிக்கொண்டு.
ஊக்கால் சுரண்டி மணந்தேன்.

பால்.

முதல்நாள் காய்ச்சிய பால்.
புதுப் பானை, மஞ்சள் துண்டு,
கந்தோரிலிருந்து வந்த மூன்று பேர்.
நுரை எழும்பியதும் என் கை தானாகக் குமிழுக்குப் போனது.
தர்ஷிகா தட்டிவிட்டாள்.
"விடு, பொங்கட்டும். குறைக்கக் கூடாது."
பொங்கியது.
கிழக்கால் வழிந்தது நல்லது என்றாள் ஒருத்தி,
அது தெற்கு என்றாள் மற்றவள்,
போனை எடுத்துத் திசை பார்த்தார்கள்.
துடைக்கப் போனேன், துணியைப் பறித்துவிட்டார்கள்.
கைதட்டினார்கள். நான் அழவில்லை,
வெங்காயம்கூட வெட்டவில்லை அன்றைக்கு.

அந்த மங்களம்தான் பதினொரு நாளாக
நெருப்பை மறித்துக்கொண்டு இங்கே கிடந்திருக்கிறது.

வினாகிரியில் நனைத்தேன், வழித்தேன்.
ஈரம் இருந்தால் நிற்காமல் டிக் டிக் என்னுமாம்,
அதனால் தலைமயிர் காயவைக்கும் மெஷினை
ஒரு அடுப்புக்குப் பிடித்துக்கொண்டு
பத்து நிமிடம் குந்தியிருந்தேன்.
இதைப் பார்த்தது எதிர் மாடிக் காகம் மட்டும்.

மூடியை வைத்தேன். ஆடியது.
கால்விரற்கடை திருப்பினேன், 'டொக்' என்று இருந்தது.
ரெகுலேட்டர். குமிழ். அழுத்தம்.
டிக். டிக்.
புஃப்.

நீல வளையம்,
ஒரு இடத்தில் மட்டும் பல் விழுந்திருக்கிறது.
அந்த ஓட்டையை இன்றைக்குக் குத்தப்போவதில்லை.

தேத்தண்ணிக்குப் பால் வைத்தேன்.
எழும்பி விளிம்புக்கு வந்தது.
குறைத்தேன்.

சுனிமலுக்கு எழுதினேன்: சரிவந்துட்டுது, வரவேண்டாம்.
உடனே பதில் வந்தது:
ஓக்கே மிஸ், ஹெட்ட வாறன்.