காத்துக்கு ஒண்ணு

கேனில் ஊற்ற மாட்டேன் என்றான் அஜின்,
திங்கள்சந்தை பம்பில்.
வண்டிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் அடிப்பானாம்,
கேனுக்குச் சட்டம் இருக்கிறதாம்.
புல்லட் டேங்கைத் தளும்ப நிரப்பி வீட்டுக்கு வந்து
மீன்தொட்டிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன்.
முதல் மடக்கு எனக்கு,
மற்ற நாலரை லிட்டர் கேனுக்கு.
ராத்திரி சாளைக்குழம்பிலும் பெட்ரோல்தான் ருசித்தது.

முந்தின வாரமே ஜெபசிங் பட்டறையில்
சைலன்சருக்கு எதிர்ப்பக்கம் ஸ்டாண்டு அடித்தாயிற்று.
"எத்தனை நாளைக்கக்கா?"
"முப்பத்தியொண்ணு."
"அப்பம் வெல்டிங்கு ரெண்டு தரம் பிடிக்கணும்."

தம்பி ததேயு வலையைப் போட்டுவிட்டுச் சிரித்தான்.
அவனிடம் எப்போதும் மூன்று வெள்ளைக் கேன்கள்.
போக ஒண்ணு, வர ஒண்ணு,
காத்துக்கு ஒண்ணு.
"ரோட்டுல ஊருக்கு ஊரு பம்பு கெடக்கு.
ஒனக்கு என்னத்துக்குட்டீ காத்து?"

பதில் இல்லை என்னிடம்.
கடியபட்டணத்தில் பிறந்தால்
தெற்கே போகிறவர்களைத்தான் பார்த்து வளர முடியும்.
வடக்கே நிலம் எவ்வளவு தூரம் கிடக்கிறது என்று
கரையில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

நாலு விரல் காலி விட்டு மூடினேன்.
வெயிலில் பெட்ரோலும் பெருமூச்சு விடும்,
அதற்கு இடம் வேண்டும்.
அந்த நாலு விரலுக்குள்
விடிகாலைக் காற்று கொஞ்சம்,
உப்பும் நெத்திலிக் கருவாடும் கலந்தது,
மாட்டிக்கொண்டதை அப்போது யோசிக்கவில்லை.

ஆரல்வாய்மொழியில் காற்று வலப்பக்கம் தள்ளியது.
கேன் இடப்பக்கம் இழுத்தது.
இரண்டுக்கும் நடுவில்
நேராகப் போனேன்.

பிறகு எல்லா ஊரிலும் பம்பு இருந்தது.
எரிச்சலாக வந்தது, சிரிக்காதீர்கள்,
ஓரிடத்திலாவது தீர்ந்து தொலையாதா என்று.
வழியோரம் நின்ற வண்டிக்காரர்களை நானே விசாரித்தேன்.
பஞ்சர் என்றார்கள். செயின் என்றார்கள்.
ஒருவன், சும்மாதான் நிற்கிறேன் என்றான்.

பதினேழாம் நாள்
மூச்சை எண்ணி எண்ணி எடுக்கவேண்டிய ஒரு கணவாயில்
கேன் பலாக்காய் மாதிரி வீங்கி நின்றது.
விறைத்த விரலால் மூடியைத் திருகினேன்.
ஸ்ஸ்ஸ்...
எங்கள் கரைக்காற்று போயே போய்விட்டது,
பனிக்கு மேல், கேட்க நாதியில்லாத இடத்தில்.
பெட்ரோல் நெடிக்குள்ளே
கருவாடு மணந்தது என்று சொன்னால்
நீங்கள் நம்ப வேண்டாம்.
அங்கிருந்த காற்றை அங்கேயே வைத்து
மூடினேன்.

சொன்னதற்கு ஒருநாள் பிந்தி
மணவாளக்குறிச்சி தாண்டி, கடல் தெரிந்ததும் இறங்கிப் பார்த்தால்
கேனுக்கு இரண்டு கன்னமும் ஒட்டிக் கிடந்தது,
பத்துநாள் காய்ச்சலில் எழுந்தவள் மாதிரி.
கரைக்குக் கொண்டுபோய்த் திறந்தேன்.
ஒரே இழுப்பு.
க்ளக் என்று கன்னம் நிமிர்ந்துகொண்டது.

ததேயு உள்ளே எட்டிப் பார்த்தான்.
"தொடவே இல்லியா?"
"இல்ல."
"அவ்வளவு தூரமும் சும்மாவா செமந்த?"

மறுநாள் மூன்று மணிக்கு
அவன் எஞ்சின் பிடிக்கவில்லை.
மண்ணெண்ணெயில் ஓடுவதுதான்,
ஆனால் எழுப்பிவிடப் பெட்ரோல் வேண்டும் அதற்கு.
கேட்காமல் என் கேனைத் தூக்கிப் போயிருக்கிறான்.
அரை டம்ளர் போதும்.
மீதியைத் திருப்பித் தரவில்லை.
மூன்று வெள்ளைக்குப் பக்கத்தில்
சிவப்பாக நாலாவதை வைத்துக்கொண்டு
போயேவிட்டான்.
நாலாவது எதற்கு என்று கேட்க
கரையில் ஆள் இல்லை.

வெளிச்சம் வந்ததும் பால் வாங்க வண்டியை எடுத்தேன்.
ஸ்டாண்டு காலி.
இடப்பக்கம் இழுக்கும் என்று
வலப்பக்கமாகவே சாய்ந்து
கடைவரைக்கும் போனேன்.